அழகேசன் வீட்டில் நாலு பேர்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில், குருநாதன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பது, பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வது, காலேஜ் பிள்ளைகளின் பிராஜெக்ட்டை முடித்துக்கொடுப்பது என்று சகல வேலையும் அங்கே நடக்கும். அத்தனையையும் செய்தவள் லீலாவதி. போர்டில் குருநாதன் பேர்தான் இருந்தது; இருக்கட்டும், கடை அவருடையது. ஆனால் மாடிப்படி ஏறுகிறவர்கள் யாரும் குருநாதன் இருக்கிறாரா என்று கேட்டதில்லை. அந்தப் பொண்ணு வந்துட்டுதா என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பொண்ணுக்கு அப்போதே முப்பதைத் தாண்டிவிட்டது. சொந்த ஊர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில். அப்பா அழகேசனுக்குக் கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் மானாவாரி நிலம். 1995-ல் அவள் கம்ப்யூட்டரில் டிகிரி முடித்தபோது, பங்காளி வகையறாவிலேயே அப்படிப் படித்த முதல் பொண்ணு அவள்தான். அழகேசன் அதைச் சொல்லிக்கொண்டு திரியவில்லை. அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். ஆனால் அந்த வருஷம் சந்தைக்குப் போகும்போதெல்லாம் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார்.

அப்புறம் கும்பகோணத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். போன இடம் விளங்கவில்லை. அவனுக்கு ஏற்கெனவே வேறொருத்தியோடு குடித்தனம் இருந்தது. அதை விலாவாரியாகச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இந்தக் கதையில் அவனுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததே அதிகம். 2001-ல் ஒரு துணிப்பையோடு லீலாவதி திரும்பி வந்தாள். அதற்குள் அண்ணன் முத்துவேல், கல்யாணம்கூட ஆகாத பையன், அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்திருந்தான். அந்தத் துக்கத்திலேயே அம்மா மலர்கொடியும் போய்விட்டாள். வீட்டில் அழகேசன் தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். மகள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "சாப்டியா ஆயி?" என்று மட்டும் கேட்டார். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, என்றைக்கும் கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்த வருஷம்தான் அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். அடுத்த வருஷமே திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு மாவட்டம் போகலாம், திரும்பி வரலாம், பஸ்ஸிலும் ஆபீஸிலும் போர்டை மாற்றி எழுதிக்கொள்கிறார்கள். கட்டிக்கொடுத்த பொண்ணு திரும்பி வந்தால் அவளை எங்கே எழுதுவது என்று மட்டும் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. லீலாவதி தினமும் ரெண்டு பஸ் மாறிப் பெரம்பலூர் போய் வந்தாள். விடியற்காலையில் சோறாக்கி அப்பாவுக்கு மூடி வைத்துவிட்டுக் கிளம்புவாள். சாயங்காலம் அவள் வருகிற பஸ்ஸுக்கு அழகேசன் ரோட்டோரம் வந்து நிற்பார். எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டால், சும்மா காற்றாட வந்தேன் என்பார்.

2007-ல் அவர்களுடைய குலசாமி கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். கோயில் கமிட்டித் தலைவர் சிவசுப்பிரமணியன் விவரமான மனிதர். பங்காளிப் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரவர் வீட்டைப் பார்க்கிற மாதிரி ஒரு வெப்சைட் வேண்டும் என்று குருநாதனிடம் வந்து கேட்டார். குருநாதன் லீலாவதியைக் கை காட்டினார். அட, நம்ம அழகேசன் மவளா என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

கோயில் கணக்கில் ஒரு வீட்டுக்குத் தலைக்கட்டு என்று பேர். ஓர் ஆண் தலை, அவனுக்குக் கீழே பெண்டாட்டி, பிள்ளைகள். திருவிழா வரியும் கோயில் மரியாதையும் அந்தத் தலையை வைத்துத்தான். பொண்ணு கழுத்தில் தாலி ஏறிய அன்றைக்கே அவள் புருஷன் வீட்டுக் குலசாமிக்குப் போய்விடுவாள். பிறந்த தலைக்கட்டில் பேர் கிடையாது. செத்தவர்களுக்கும் கிடையாது. லீலாவதிக்கு இதெல்லாம் தெரியும். இருந்தும் சிவசுப்பிரமணியனிடம், திரும்பி வந்துவிட்ட பொண்ணுங்களை எங்கே போடுவது பெரியப்பா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதெல்லாம் அவங்கவங்க வூட்டு சங்கதிம்மா, வூட்டுத் தலைவர் என்ன சொல்றாரோ அதைப் போட்டுக்க என்றார். இந்த ஒரு வார்த்தையை லீலாவதி மனசில் பிடித்துக்கொண்டாள். வீட்டுத் தலைவர் சொன்னால் போதும். அவள் வீட்டுத் தலைவர் அவளுடைய அப்பாதானே!

அப்போது வெப்சைட் செய்ய, பாதி வேலையைத் தானே செய்துவைத்திருக்கும் ஒரு புது பிரேம்வொர்க் வந்திருந்தது. சொல்லித்தர ஆளில்லை. குருநாதன் சென்டரின் கரண்டும் இன்டர்நெட்டும் ஒத்துழைத்த நேரங்களில் தானாகவே படித்துக் கற்றுக்கொண்டாள். விவரங்களை ஏற்றி வைக்க டேபிள் என்று ரெண்டு பட்டியல் போட்டாள். ஒன்றில் வீடுகள், இன்னொன்றில் ஆட்கள். வீட்டு ரெக்கார்டில் ஆட்களைப் பற்றி ஒரு எழுத்தும் இருக்காது. ஒவ்வோர் ஆளும் தன் வீட்டு நம்பரைத் தன்னோடு வைத்துக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். ஒரு வீட்டின் பக்கத்தை யாராவது திறந்தால், அந்த நம்பரை வைத்திருக்கிற ஆட்களையெல்லாம் தேடிக் கூட்டிவந்து, தலைவர் பேருக்குக் கீழே ஒருவர்பின் ஒருவராக நிறுத்த வேண்டும். அதற்கான வரிகளைப் பக்கத்துக்கு அச்சாக இருக்கும் டெம்ப்ளேட்டில் எழுத வேண்டும். அவளுக்குத் தண்ணி காட்டியது இந்த இடம்தான்.

சரியாக வருகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு வீட்டைப் போட்டுப் பார்க்க வேண்டுமே. கம்ப்யூட்டர்காரர்கள் இதற்குக் கைக்கு வந்ததைத்தான் அடிப்பார்கள். லீலாவதி கைக்கு வந்தது அவள் வீடு. தலைவர் அழகேசன். ஆட்கள்: அழகேசன், மலர்கொடி, முத்துவேல், லீலாவதி. பக்கத்தைத் திறந்தால், அழகேசன் என்ற தலைப்புக்குக் கீழே ஆள், ஆள், ஆள், ஆள் என்று நாலு தடவை வந்து நின்றது. பேர் சொல்லத் தெரியவில்லை அதற்கு. ஆளைக் காட்டு என்றால் போதாது, ஆளின் பேரைக் காட்டு என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. சொன்னாள். மறுபடி திறந்தாள்.

நாலு பேரும் வந்துவிட்டார்கள்.

பத்து வருஷமாக ஒன்றாகச் சேராத நாலு பேர் ஒரே திரையில் ஒருவருக்குக் கீழ் ஒருவராக நின்றார்கள். அம்மா பேரையும் அண்ணன் பேரையும் எழுத்தில் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது! லீலாவதி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டைப்பிங் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. குருநாதன் என்னம்மா என்று பதறிப்போய் வந்தார். வந்துருச்சு சார், பேரெல்லாம் வந்துருச்சு என்றாள். பாவம், அவர் புரோகிராம் ஓடிய சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

கமிட்டி ஆட்கள் வீடு வீடாகப் போய் விவரம் கேட்டு வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழகேசன் வீட்டுக்கும் வந்தார்கள். அவர் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். லீலாவதி அடுப்படியில் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று வந்தவர் கேட்பது காதில் விழுந்தது. அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். இப்போது சொல்வார். எல்லார் முன்னாலும் இல்லை, ஊர்க்கூட்டத்தில் இல்லை, ரெண்டே ரெண்டு பேரிடம்தான். சொல்லிவிட்டால் போதும்.

"நான் ஒருத்தன்தான்" என்றார் அழகேசன்.

வந்தவர்கள் போய்விட்டார்கள். லீலாவதி ரசத்தைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார். அவர் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. கோயில் கணக்கு என்றால் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு பதில்தான். அதற்குமேல் சொன்னால், ஏன் வந்தாள், என்ன ஆச்சு என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு வாயைத் திறக்க அந்த மனுஷனால் முடியாது. ஆனால் இதெல்லாம் நாம் சொல்கிற சமாதானம். லீலாவதி காதில் விழுந்தது அந்த ரெண்டு வார்த்தைதான்.

அடுத்த வாரம் எல்லா வீடுகளையும் ஏற்றினாள். போட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த வீட்டை அழித்துவிட்டு, அழகேசன் வீட்டில் ஒரே ஓர் ஆளைப் போட வேண்டும். அந்த ஒன்றை மட்டும் அவள் செய்யவில்லை. நாலு பேரையும் அப்படியே விட்டுவிட்டாள். இத்தனை வீட்டில் எவன் தேடிப் பார்க்கப் போகிறான் என்று ஒரு தைரியம். அதைப் பார்க்கப் போகிறவள் தான் ஒருத்திதான் என்று நினைத்தாள்.

கும்பாபிஷேகத்தன்று பந்தலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் வைத்து, வெப்சைட்டைத் திறந்து காட்டினார்கள். சிவசுப்பிரமணியன் தன் வீட்டை முதலில் காட்டச் சொன்னார். பேரன் பேத்தி வரை எல்லாரும் வரிசையாக வந்தார்கள். சனம் கைதட்டியது. அவருக்கு மனசு குளிர்ந்துபோய், மைக்கைப் பிடித்து, இதைச் செஞ்சது நம்ம அழகேசன் மவ லீலாவதி, அதனால அடுத்து அழகேசன் வூட்டையே காட்டுங்க என்று சொல்லிவிட்டார். நல்லதுக்குத்தான் சொன்னார். லீலாவதி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவள் அசையாததைப் பார்த்து, பக்கத்தில் நின்ற குருநாதன் தானே மவுஸை எடுத்துத் திறந்துவிட்டார்.

அழகேசன், மலர்கொடி, முத்துவேல், லீலாவதி. ஒவ்வொரு பேரும் ஆள் உயரத்துக்கு.

பங்காளி வீட்டு மருமகள் பெரியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். அவளே வேறொரு குலசாமியிலிருந்து வந்தவள் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

"செத்தவங்களும் கட்டிக்குடுத்தவளும் தலைக்கட்டுல வருவாங்களா? எந்த ஊரு வழக்கம் இது?"

சிலர் சிரித்தார்கள். சிவசுப்பிரமணியன் தர்மசங்கடத்தோடு கூட்டத்தில் அழகேசனைத் தேடினார். அழகேசன் கம்பத்தை ஒட்டி நின்று, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னப்பா அழகேசா, நீ சொல்லித்தான் போட்டாளா என்று தலைவர் கேட்டார். லீலாவதி அப்பாவைப் பார்த்தாள். ஆமா என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டினால்கூடப் போதும். வீட்டுத் தலைவர் சொன்னால் போட்டுக்கொள்ளலாம் என்று கமிட்டித் தலைவரே சொல்லியிருக்கிறார்.

"தெரியாமப் போட்டுருக்கும். எடுத்துரும்" என்றார் அழகேசன்.

லீலாவதி குருநாதன் கையிலிருந்து மவுஸை வாங்கினாள். எல்லார் கண்முன்னாலும் அம்மாவை எடுத்தாள், அண்ணனை எடுத்தாள், தன்னை எடுத்தாள். வேட்டித்திரையில் அழகேசன் மட்டும் நின்றார். அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், சனம் எழுந்து போய்விட்டது.

அன்றிலிருந்து லீலாவதி அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறாக்கிப் போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், சர்க்கரை மாத்திரை வாங்கி வந்து வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. அவர் வழக்கம்போலச் சாயங்காலம் ரோட்டோரம் வந்து நிற்பார். அவள் பஸ்ஸை விட்டு இறங்கி, அவரைத் தாண்டி விறுவிறுவென்று நடந்துவிடுவாள். அவர் பின்னாலேயே வருவார். சாப்டியா ஆயி என்பார். ம் என்பாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி எல்லாம் இப்படியே போயின. அவளுக்கும் உள்ளுக்குள் ஆறவில்லை என்று இல்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பேசலாம் என்று இருந்தாள். அவர் சொல்லத் தெரியாத மனுஷன் என்பதைப் பெற்ற மகளே மறந்துபோனாள்.

கார்த்திகையில் அரியலூரை மறுபடியும் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். அந்த மாசம்தான் அழகேசன் செத்துப்போனார். காலையில் முந்திரித் தோப்புக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்தான். காரியம் முடிந்த அன்று சிவசுப்பிரமணியன் லீலாவதியைத் தனியாகக் கூப்பிட்டு, தழைந்த குரலில்தான் சொன்னார்: ஆண்பிள்ளை இல்லாத வூடு, தலைவரும் போயிட்டாரு, இனிமே அது தலைக்கட்டு இல்ல, நெட்டுல அந்த வூட்டை எடுத்துரும்மா, நீதானே எடுக்கணும். சரிங்க பெரியப்பா என்றாள்.

மறுநாள் அவள் சென்டருக்குப் போனாள். குருநாதன் இன்னும் கொஞ்ச நாள் கழித்து வரலாமே என்றார். அவள் கேட்காமல் சிஸ்டத்தைப் போட்டு உட்கார்ந்ததும், என்ன வேலை என்று கேட்டார். சொன்னாள். அந்த மனிதர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். அப்பா சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால்தான் இத்தனை நாளாகச் சொல்லவில்லை, இனிமேல் சொன்னால் தப்பில்லை என்று ஆரம்பித்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் லீலாவதி எறையூரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைச் சரிபண்ணப் போயிருந்தாள். அன்றைக்கு அழகேசன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, தனியாக ரெண்டு பஸ் மாறிப் பெரம்பலூர் வந்திருக்கிறார். மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் நின்று நின்று ஏறினாராம். மகள் இல்லை என்றதும், பரவால்லைங்க, எங்க வூட்டை மட்டும் ஒரு தடவை காட்டுங்க என்று கேட்டாராம். குருநாதன் திறந்து காட்டினார். அழகேசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டே வந்து பார்த்தார். தன் பேருக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க நாலு பேரு இருந்தோமே தம்பி?"

அன்னைக்கே எடுத்தாச்சுங்களே ஐயா என்றாராம் குருநாதன்.

"ஆமா, நாந்தான் எடுக்கச் சொன்னேன். அது பாட்டுக்கு இங்க வந்து திரும்பப் போட்டுருக்கும்னு நெனச்சேன்."

திரும்பப் போடச் சொல்லட்டுமா என்று குருநாதன் கேட்டதற்கு, வேணாம், அதுக்கு எம்மேல கோவம், தானாப் போடட்டும், நான் வந்தேன்னு சொல்லிராதீங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அன்று சாயங்காலமும் ரோட்டோரம் வந்து நின்றார். லீலாவதிக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. வேஷ்டியெல்லாம் புழுதியாக நின்றவரைப் பார்த்து, எங்கே போய்ப் புரண்டுவிட்டு வந்தாரோ என்று மனசுக்குள் எரிச்சல்பட்டுக்கொண்டு, அவரைத் தாண்டி நடந்தாள். சாப்டியா ஆயி என்று கேட்டார். அன்றைக்கு ம் என்றுகூடச் சொல்லவில்லை.

லீலாவதி அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் என்று குருநாதன் பிற்பாடு சொன்னார். அவள் கீபோர்டை இழுத்து, அழகேசன் வீட்டில் மலர்கொடியைச் சேர்த்தாள். முத்துவேலைச் சேர்த்தாள். லீலாவதியைச் சேர்த்தாள். பக்கத்தைத் திறந்தாள். தலைவர் பேருக்குக் கீழே நாலு பேரும் வந்து நின்றார்கள். அப்பா விரல் வைத்த இடத்தில் அவளும் விரலை வைத்தாள். போட்டுட்டேம்ப்பா என்று வாய்விட்டுச் சொன்னாள். நாலு எழுத்து அடிக்கிற வேலை. ஐப்பசியில் என்றைக்கு வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

பிறகு வெப்சைட்டின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய், அந்த வீட்டை நீக்கச் சொன்னாள். அந்த பிரேம்வொர்க்கில் ஒரு பழக்கம் உண்டு. எதையாவது நீக்கச் சொன்னால் உடனே நீக்கிவிடாது. இதை நீக்கினால் இதைச் சேர்ந்த இன்னின்னவையும் கூடவே போய்விடும், சம்மதமா என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்கும். அழகேசன் வீடு, அதைச் சேர்ந்தவர்கள் அழகேசன், மலர்கொடி, முத்துவேல், லீலாவதி என்று திரையில் வந்தது. கோயிலும் ஊரும் பெற்றவரும் சொல்லாததை அந்த மிஷின் சொல்லிவிட்டது.

குருநாதனுக்குத் தாங்கவில்லை. விட்டுடுங்கம்மா, இருந்துட்டுப் போவட்டும், கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன் என்றார்.

"வேணாம் சார். அங்க இனி யாரு இருக்கா பாக்க? போறப்பவாவது நாலு பேரும் ஒரே வூடாப் போறோம்."

சம்மதம் என்ற இடத்தில் லீலாவதி அழுத்தினாள். கீழே மருந்துக்கடையிலிருந்து யாரோ மாடியைப் பார்த்து, அந்தப் பொண்ணு வந்துட்டுதா என்று குரல் கொடுத்தார்கள். வந்துட்டேன், மேல வாங்க என்று அவள் பதில் சொன்னாள்.